அடி வாங்குவோர் பக்கம்

போய் சுழற்றப் பழகும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். எழுதியவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் மொட்டை மாடியில் சுழற்றுகிறவர்கள்.

கே: தெரியாதவர்களுக்காகக் கேட்கிறேன். போய் என்பது என்ன? (சேலம்)

ப: ஒரு கயிறு. ஒரு நுனியில் விரல் மாட்ட வளையம், மறு நுனியில் பந்து. கைக்கு ஒன்றாக இரண்டு. இது நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய கலை. சதுப்பில் வளரும் ரௌபோ என்ற கோரையில் உருண்டை கட்டி, ஹராகெகே செடியின் நாரில் கயிறு திரித்தார்கள். குட்டைக் கயிறு, நெட்டைக் கயிறு என்று இரண்டும் உண்டு. பாட்டோடு சேர்ந்த ஆட்டம் அது. பந்து கையில் பட்டு ‘தப் தப்’ என்று எழுப்பும் ஓசையும் அதில் ஒரு வாத்தியம். பாட்டேயா மாவோரி கிளப் பாடிய ‘போய் ஈ’ 1984-இல் அந்த நாட்டின் பாட்டு வரிசையில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. கடற்கரையிலும் கல்லூரி விழாவிலும் இன்று நாம் பார்க்கிற எல்.இ.டி. விளக்கும் தீப்பந்தமும் பின்னால் வந்த கிளை.

கே: பந்துகளை உடம்பின் இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சுற்றும் த்ரீ-பீட் வீவ் ஒரே வாரத்தில் வருமா? (கோவை)

ப: வரும். எந்த வாரம் என்றுதான் சொல்ல முடியாது.

கே: ‘பொறுமையாக, மெதுவாகச் செய்’ என்கிறார்கள். மெதுவாகச் சுழற்றினால் பந்து தலையில் விழுகிறது. வேகமாகச் சுழற்றினால் கயிறு பின்னிக்கொள்கிறது. நான் யார் பேச்சைக் கேட்பது? (மதுரை)

ப: பந்தின் பேச்சை. வந்த கடிதங்களிலேயே உங்கள் கேள்விதான் அசல் கேள்வி. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வீணை கற்கிறவருக்கு முதல் காலம் என்று ஒன்று உண்டு. வர்ணத்தை எவ்வளவு விளம்பமாக வேண்டுமானாலும் வாசிக்கலாம், தந்தி கோபித்துக்கொள்ளாது. போயில் முதல் காலமே கிடையாது. ஓர் அளவுக்குக் கீழே வேகம் குறைந்தால், பந்து உச்சியில் இருக்கும்போது கயிறு தொய்ந்துவிடும். அப்புறம் அது வட்டத்தில் போகாது, உங்கள் மேல்தான் வரும். அந்த அளவைக் கணக்குப் போட்டே சொல்லலாம். 60 செ.மீ. கயிற்றை ஒரே சீராகச் சுற்றினால் ஒரு சுற்றுக்குக் கூடிப்போனால் ஒன்றரை நொடி எடுக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் தொய்வுதான். பந்து கனமா லேசா என்பது இந்தக் கணக்கில் வராது. கயிற்றின் நீளம் ஒன்றுதான் கணக்கு.

ஆகவே ‘மெதுவாகச் செய்’ என்று சொன்னவர் பாதிதான் சொன்னார். பந்தை மெதுவாக்க முடியாது, பாடத்தை மெதுவாக்கலாம். முதல் வழி, கயிற்றை நீட்டுங்கள். 75 செ.மீ. ஆக்கினால் ஒரு சுற்றுக்கு ஒன்றேமுக்கால் நொடி வரை கிடைக்கும். கால் நொடிதானே என்று நினைக்காதீர்கள். மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யோசிக்க அந்தக் கால் நொடிதான் சம்பளம். இரண்டாவது, ஒரு கையை மட்டும் சுழற்றுங்கள். மூன்றாவது, பந்தே இல்லாமல் வெறும் கைகளால் அந்த அசைவைச் செய்யுங்கள். வெறும் கையை எத்தனை மெதுவாகவும் அசைக்கலாம், தலையில் எதுவும் விழாது. நான்காவது, அசைவை முழுக்கச் செய்யாமல் பாதியில் நிறுத்துங்கள். பொறுமை வேண்டிய இடம் இவைதான். பல்லைக் கடித்துக்கொண்டு அடி வாங்குவதற்குப் பொறுமை என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது.

கே: வெறும் கையால் பயிற்சி செய்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என் அப்பாவிடம் ‘பையனுக்கு உடம்பு சரியில்லையா’ என்று கேட்டிருக்கிறார். (தஞ்சாவூர்)

ப: கிழக்கே பார்த்து நின்று செய்யுங்கள். யோகா என்று விட்டுவிடுவார்.

கே: வீவில் பக்கம் மாறும்போது ஒவ்வொரு தடவையும் சிக்குகிறது. நூறு முறை செய்துவிட்டேன். பொறுமை போய்விட்டது. (ஈரோடு)

ப: நூறு முறை செய்யவில்லை, நூறு முறை சிக்கப் பழகியிருக்கிறீர்கள். கை அதைத்தான் பாடம் செய்துகொள்ளும். நல்லது கெட்டது அதற்குத் தெரியாது.

எங்கே சிக்குகிறது என்று பார்ப்போம். த்ரீ-பீட் வீவில் உடம்பின் இடப்பக்கம் மூன்று அடி, வலப்பக்கம் மூன்று அடி (அடி என்றால் ஒரு பந்தின் ஒரு சுற்று). ஒரு பக்கத்தின் முதல் அடியும் மூன்றாவது அடியும் ஒரே கையுடையவை, நடுவடி மற்ற கையுடையது. மூன்றாவது அடி முடிந்ததும் இரண்டு கைகளும் வயிற்றுக்கு முன்னால் குறுக்கே கடந்து மறுபக்கம் போக வேண்டும். அங்கேதான் எல்லாருக்கும் பயம். பந்து படுமோ என்று கைகளைப் பிரித்து, உடம்பிலிருந்து தள்ளிக் கொண்டுபோகிறோம். கை பிரிந்ததும் பந்து சுற்றும் தளம் உள்பக்கமாகச் சாய்கிறது. இரண்டு தளமும் சாய்ந்தால் இரண்டு கயிறும் நடுவில் சந்திக்கும். அந்தச் சந்திப்பைத்தான் நீங்கள் நூறு முறை நடத்தி வைத்திருக்கிறீர்கள். மணிக்கட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஒட்டினாற்போலக் கடக்க வேண்டும். பயத்துக்கு நேர் எதிரான வேலை அது.

இனி முழு வீவைச் செய்யாதீர்கள். முதலில் ஒரு கையால் மட்டும் இரு பக்கமும் மாறி மாறி எட்டுப் போடுங்கள். வலது கை, பிறகு இடது கை. அதன்பின் இரண்டு பந்தோடும் ஒரு பக்கம் மூன்று அடி, ஒரு கடப்பு, அவ்வளவுதான். மறுபக்கம் முதல் அடி விழுந்ததும் பந்துகளைப் பிடித்து நிறுத்திவிடுங்கள். அந்த ஒரு கடப்பு மட்டும்தான் இன்றைய பாடம். எண்ணிக்கை தவறுகிறது என்றால் வாய்விட்டு ‘தகிட தகிட’ சொல்லுங்கள். பக்கத்துக்கு ஒரு தகிட. வாய் சரியாகச் சொன்னால் கை அதன் பின்னால் வரும். கை முந்திக்கொண்டால் வாய் குளறும், உடனே தெரிந்துவிடும்.

கே: இது நம் சிலம்பத்திலிருந்து அங்கே போனதுதானே? (நாகர்கோவில்)

ப: இல்லை. உலகத்தில் யார் எதைச் சுழற்றினாலும் இங்கிருந்து போனது என்று எழுத ஒரு கூட்டம் இருக்கிறது, அதில் சேராதீர்கள்.

ஆனால் சிலம்பம் ஆடினவர்கள் போய்க்கு வரும்போது பாதி தூரம் நடந்து வந்தவர்கள். இரண்டு பக்கமும் வீசிப் பழகிய தோள், சுழலுக்கு வழி விடத் தெரிந்த மணிக்கட்டு, அடி படும் என்று சுருங்காத உடம்பு. அவர்களுக்கு வரும் தொல்லை வேறு. கம்பைத் தள்ளவும் செய்யலாம், இழுக்கவும் செய்யலாம். கயிற்றை இழுக்கத்தான் முடியும். பழைய பழக்கத்தில் பந்தைத் தள்ளப் பார்ப்பார்கள். தள்ளின கணமே கயிறு தொய்யும். பந்து எங்கே போக வேண்டுமோ அங்கே அதை அனுப்ப முடியாது. கை முன்னால் போய், அது வருவதற்குக் காத்திருக்க வேண்டும்.

கே: இரண்டு பந்தையும் மாற்றி மாற்றி, ஒன்று மேலே ஒன்று கீழே, சுற்ற ஆரம்பிக்கிறேன். பத்து சுற்றில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. கவனக்குறைவா? (விழுப்புரம்)

ப: கவனத்தைத் திட்டாதீர்கள், இது உடம்பின் சுபாவம். இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டி, கார் கண்ணாடியின் துடைப்பான்கள் போல இரண்டையும் ஒரே நேரத்தில் இடப்பக்கம், ஒரே நேரத்தில் வலப்பக்கம் ஆட்டுங்கள். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் நீங்கள் கேட்காமலே விரல்கள் கட்சி மாறி, இரண்டும் உள்ளே, இரண்டும் வெளியே என்று கண்ணாடியில் பார்த்தது போல ஆட ஆரம்பித்துவிடும். ஸ்காட் கெல்சோ என்ற ஆய்வாளர் 1980-களில் இதை அளந்து எழுதினார். வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் இரண்டு கைகளும் தங்களுக்குச் சுலபமான ஒழுங்குக்கு ஓடிவிடுகின்றன. மெதுவாக இருக்கும்வரைதான் நீங்கள் சொன்ன ஒழுங்கில் நிற்கும்.

உங்கள் பந்துகளும் அதைத்தான் செய்கின்றன. நீங்கள் பத்தாவது சுற்றில் கவனம் இழக்கவில்லை, பத்தாவது சுற்றுக்குள் உங்கள் வேகம் கூடிவிடுகிறது. கயிற்றை நீட்டுங்கள். வலது பந்து உச்சிக்கு வரும்போது இடது பந்தைக் கீழிருந்து விடுங்கள். சேர்ந்துவிட்டால் சுழலும்போதே திருத்தப் பார்க்காமல், நிறுத்தி மறுபடி ஆரம்பியுங்கள். ஓட்டத்திலேயே திருத்துகிறவர்கள் ஒரு கையை அவசரப்படுத்துவார்கள், அதோடு மற்ற கையும் ஓடும்.

கே: பாட்டு வைத்துக்கொள்ளலாமா? (புதுச்சேரி)

ப: வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தாளத்தைப் பார்த்து. ஒரு சுற்றுக்கு ஒன்றரை நொடி என்றால் நிமிடத்துக்கு 40 சுற்று. நிமிடத்துக்கு 80 தட்டு வரும் பாட்டு ஒன்று எடுங்கள். ஒரு தட்டுக்கு வலது பந்து கீழே, அடுத்த தட்டுக்கு இடது பந்து கீழே. மேலே விழுப்புரத்துக்காரர் கேட்ட தொல்லைக்கும் இது மருந்து. குத்துப்பாட்டு வைத்தால் கை பாட்டோடு ஓடிவிடும். பயிற்சி நடக்காது, கொண்டாட்டம் நடக்கும். அதுவும் வேண்டியதுதான், வேறு நேரத்தில்.

கே: ஐந்து நிமிடத்துக்கு மேல் மனம் நிற்பதில்லை. போனை எடுக்கத் தோன்றுகிறது. (சென்னை)

ப: ஐந்து நிமிடம் நிற்கிறதே! அதை வைத்தே பிழைக்கலாம்.

பிரிட்டனில் தபால்காரர்களுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்தபோது ஆலன் பேட்லியும் லாங்மனும் ஒன்று செய்து பார்த்தார்கள். 1978-இல் வெளிவந்த ஆய்வு. சிலருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம், சிலருக்கு இரண்டு வேளையும் இரண்டிரண்டு மணி நேரம், இடைப்பட்ட விதமாக இன்னும் இரண்டு குழுக்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் படித்தவர்களுக்குத்தான் மொத்தத்தில் குறைந்த மணி நேரத்தில் விரல் பழகியது. வேடிக்கை என்னவென்றால், தங்கள் பயிற்சி முறையைப் பற்றி அதிகம் அலுத்துக்கொண்டவர்களும் அவர்களே. நாள் கணக்கு நீண்டதால், தாங்கள் பின்தங்கியதாக நினைத்தார்கள்.

பொறுமை இழப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மனக்கணக்குதான். அதனால் சனி, ஞாயிறு மூன்று மணி நேரம் என்று திட்டம் போடாதீர்கள். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம், நடுவில் ஒரு தண்ணீர் இடைவேளை. ஒரு வேளைக்கு ஒரே கேள்வி. ‘இன்று வீவ்’ என்பது கேள்வி ஆகாது. ‘வலப்பக்கம் கடக்கும்போது முழங்கை ஏன் மேலே போகிறது’ என்பது கேள்வி. மனம் அலைவதற்கு முக்கால் காரணம், நிற்க அதற்கு ஓர் இடம் கொடுக்காததுதான்.

போனைப் பொறுத்தவரை, அதற்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

கே: இன்ஸ்டாவில் ஒரு பெண் மூன்றே நாளில் கற்றுக்கொண்டேன் என்கிறாள். எனக்கு மூன்று மாதம் ஆகிறது. (திருப்பூர்)

ப: ரீல்ஸில் பின்னிக்கொண்ட கயிறு வராது, வெட்டிவிடுவார்கள். அவள் மூன்று நாளில் கற்றிருக்கவும் கூடும். அதனால் உங்கள் கயிறு நீளவோ குறையவோ போவதில்லை.

சொன்ன வேலை இதுதான். போனைத் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்த்து வைத்து, உங்களையே எடுங்கள். எங்கும் போட வேண்டாம். ஸ்லோ மோஷனில் ஓட்டிப் பாருங்கள். பந்தை மெதுவாக்க முடியாது என்று மதுரைக்காரரிடம் சொன்னேன் அல்லவா, உலகத்தில் போய் மெதுவாகச் சுற்றுகிற ஒரே இடம் அந்தத் திரைதான். கையில் உணர்ந்ததற்கும் திரையில் தெரிவதற்கும் சம்பந்தமே இருக்காது. நேராகச் சுற்றுகிறேன் என்று சத்தியம் செய்தவரின் பந்து சாய்ந்து சாய்ந்து கும்பிட்டுக்கொண்டிருக்கும். ஒரு நாளில் ஒரே ஒரு தடவை பாருங்கள், ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து குறையையும் திருத்தக் கிளம்புகிறவர் அரை மணி நேரத்தில் போனோடு உட்கார்ந்திருப்பார்.

கே: சுழற்றும்போது கண் எங்கே இருக்க வேண்டும்? (கும்பகோணம்)

ப: எதிரே. பந்தைத் துரத்தினால் தலை சுற்றும், கையைப் பார்த்தால் கை கூச்சப்படும். கூச்சம் என்பது விளையாட்டுப் பேச்சு அல்ல. கேப்ரியேல் வுல்ஃப் என்பவர் 1998-இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் ஆட்களை ஏற்றிப் பார்த்தார். ‘பாதத்தைக் கவனி’ என்று சொல்லப்பட்டவர்களைவிட, ‘பாதத்துக்குக் கீழே இருக்கும் சக்கரங்களைக் கவனி’ என்று சொல்லப்பட்டவர்கள் நன்றாகக் கற்றார்கள். இங்கும் அதே கதைதான். ‘மணிக்கட்டைத் திருப்பு’ என்று மனதில் சொல்லாதீர்கள். ‘பந்து என் காதோரம் ஒரு கண்ணாடிச் சுவரை ஒட்டிப் போகிறது’ என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிச் சுவர் பிடிபடவில்லை என்றால் நிஜச் சுவரே போதும். சுவரைப் பார்த்து, பந்து உரசாத தூரத்தில் நின்று சுற்றுங்கள். தளம் முன்னால் சாய்ந்தால் சுவர் ‘டொக்’ என்று சொல்லும். பக்கவாட்டுச் சுற்றுக்குச் சுவர் ஓரமாக நில்லுங்கள். இத்தனை நேர்மையான வாத்தியார் சம்பளம் இல்லாமல் கிடைப்பது அபூர்வம்.

கே: பட்டர்ஃப்ளை பழகும்போது சொல்லக்கூடாத இடத்தில் அடி பட்டுவிட்டது. (காரைக்குடி)

ப: சொல்லிவிட்டீர்களே. ஆண் வாசகர்கள் அத்தனை பேர் சார்பிலும் அனுதாபம். இரண்டு பந்தும் எதிரெதிர்த் திசையில் முன்னால் சுற்றுகிற ஆட்டம் அது. கைகள் வயிற்றுக்கு நேரே தாழ்ந்தால் பந்து கீழே எங்கே போகும் என்று இப்போது தெரிந்திருக்கும். கைகளை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, ஒரு சாண் முன்னால் நீட்டிப் பிடியுங்கள். ஒரு கையை மற்றதைவிட நூலளவு முன்னால் வைத்தால் பந்துகள் முட்டாது.

கே: என்ன போய் வாங்கலாம்? (வேலூர்)

ப: வாங்க வேண்டாம், செய்யுங்கள். முழங்கால் வரை வரும் காலுறை ஒரு ஜோடி. பிளாஸ்டிக் பையில் கை நிறைய அரிசியோ பாசிப்பயறோ கட்டி, பாதத்துக்குள் தள்ளி, மேலே ஒரு முடிச்சு. வாய்ப்பக்கம் இரண்டு விரல் நுழைய ஒரு வளையம். கையை நீட்டிப் பிடித்தால் பந்து அக்குள் வரை வருவது தொடங்குவதற்கு நல்ல நீளம். காலுறை போதவில்லை என்றால் ஒரு துண்டு நாடா சேர்த்துத் தையுங்கள். டென்னிஸ் பந்தைப் பலர் போடுகிறார்கள். 58 கிராம்தான், ஆனால் நெற்றியில் பட்டால் அந்தக் கணக்கு நினைவுக்கு வராது. பயறு என்றால் ‘பொத்’ என்று அமுங்கும்.

இதைப் பொறுமை பற்றிய பக்கத்தில் ஏன் எழுதுகிறேன் என்றால், அடிக்குப் பயப்படுகிறவருக்குக் கவனம் வராது. அடி வலிக்காது என்று தெரிந்தால் தோள் தானாக இறங்கும். ரொம்ப லேசான பந்தும் ஆகாது. அது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. ஆடி மாதக் காற்றில் அதை மாடியில் சுழற்றினால் யார் யாரைச் சுழற்றுகிறார்கள் என்றே தெரியாது.

கே: நேற்று இருபது முறை தொடர்ந்து வந்தது. இன்று ஒன்றுகூட வரவில்லை. யார் கண் பட்டதோ? (திருநெல்வேலி)

ப: பூசணிக்காய் செலவு வேண்டாம். நேற்று வந்தது நேற்றைய சூடு. ஒரே அசைவைத் தொடர்ந்து செய்தால் அந்த வேளையில் பிரமாதமாக வரும். அடுத்த நாள் எவ்வளவு மிச்சம் என்பதுதான் கற்றதன் அளவு. ஷியா, மார்கன் என்ற இருவர் 1979-இல் இதைச் சோதித்தார்கள். மூன்று கையசைவுகளை ஒவ்வொன்றாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனவர்கள் பயிற்சியின்போது முந்தினார்கள். மூன்றையும் கலந்து கலந்து செய்தவர்கள் பயிற்சியின்போது தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துக் கேட்டால், தடுமாறினவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள்.

முதல் சில நாள் புது அசைவை மட்டும் செய்யுங்கள், அது வேண்டியதுதான். ஓரளவு உருவம் வந்ததும் கலந்துவிடுங்கள். நான்கு வீவ், ஒரு திரும்பல், பின்பக்கச் சுற்று, மறுபடி வீவ் என்று. அசிங்கமாகத்தான் இருக்கும். அந்த அசிங்கத்தைச் சகித்துக்கொள்வதற்குத்தான் பொறுமையைச் சேமித்து வைக்க வேண்டும்.

கே: இடது கை சுத்த மக்கு. என்ன தண்டனை கொடுக்கலாம்? (தூத்துக்குடி)

ப: முதல் பந்தி போடுங்கள். எல்லாரும் வலது கையில் ஆரம்பித்து, களைத்துப்போன கடைசி ஐந்து நிமிடத்தை இடதுக்குக் கொடுக்கிறார்கள். நாளை இடதில் ஆரம்பியுங்கள், வலதுக்கு மிச்சம் இருந்தால் கொடுங்கள்.

கே: ஆன்டி-ஸ்பின் ஃப்ளவர் பழகுகிறேன். கை ஒரு திசை, பந்து எதிர்த் திசை. மூளை காய்கிறது. (யாழ்ப்பாணம்)

ப: பூவைப் பார்த்து மலைக்காதீர்கள், ஓர் இதழைப் பாருங்கள். நேராக நீட்டிய கையைக் கடிகார முள்ளாக வைத்துக்கொள்ளுங்கள். கை 12, 3, 6, 9 மணிக்கு வரும் நான்கு இடங்களிலும் பந்து கைக்கு நேர் வெளியே நீட்டி நிற்க வேண்டும். நடுவில் பந்து உள்ளே வந்து எதிர்த் திசையில் சுற்றிப் போகும். கை முழு வட்டம் வருவதற்குள் பந்து எதிராக மூன்று சுற்று. மூன்று சுற்றுக்கு நான்கு இதழ், அதுதான் இதன் கணக்கு.

பாடம் 12-இலிருந்து 3 வரை மட்டும். கை கால் வட்டம், பந்து எதிராக முக்கால் வட்டம். 3 மணியில் பந்து வெளியே நீட்டிய அந்தக் கணத்தில் நிறுத்திவிடுங்கள். அது வந்தபின் 3-இலிருந்து 6. கீழ்ப்பாதி எளிதாகத் தோன்றும், 9-இலிருந்து 12 ஏறும்போது பந்து சோம்பும், அங்கே கை கொஞ்சம் இழுத்துக் கொடுக்க வேண்டும். நான்கு கால்களையும் தனித்தனியாக முடித்தபின் ஒட்டுங்கள். முதலில் ஒரு கை மட்டும். இரண்டு கையாலும் பூப் போடுவதைப் பற்றி இந்த வருஷம் கேட்காதீர்கள்.

கே: கோபத்தில் பந்தை ஓங்கித் தரையில் அடித்தேன். துள்ளி எதிர் வீட்டு மாடியில் விழுந்துவிட்டது. (சிவகாசி)

ப: துள்ளியதா? அப்படியானால் பயறு அல்ல, ரப்பர். வேலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோபம் வந்தால் தோள் ஏறும், பிடி இறுகும், கை உடம்போடு ஒட்டும், வேகம் கூடும். சிக்குவதற்கு வேண்டிய நான்கும் தயார். அதனால் கோபத்தோடு செய்யும் பத்து முயற்சி வீண்கூட அல்ல, நஷ்டம். நன்றாகத் தெரிந்த ஏதாவது ஒரு சுற்றை இரண்டு நிமிடம் சும்மா சுற்றுங்கள், மூச்சு இறங்கும். ‘ஒரு தடவை சரியாக வந்ததும் நிறுத்து’ என்று ஓர் அறிவுரை உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த ஒன்றைத் துரத்தி நாற்பது கெட்டதைச் செய்கிறவர்களைத்தான் பார்க்கிறேன். கடிகாரம் அடித்ததும் நிறுத்துங்கள், வந்தாலும் வராவிட்டாலும். பந்து நாளைக்கும் இருக்கும், எதிர் வீட்டுக்காரர் கொடுத்தால்.

கே: வயது 64. ஓய்வு பெற்றவன். பேத்தியோடு சேர்ந்து கற்றுக்கொள்ள ஆசை. சிரிப்பார்களோ? (சிதம்பரம்)

ப: சிரிக்கட்டும் ஐயா, நீங்களும் சேர்ந்து சிரியுங்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் கேட் ரீகல் வான் வெஸ்ட் என்ற ஆய்வாளர் 60 வயது தாண்டியவர்களுக்கு ஒரு மாதம் போய் சொல்லிக்கொடுத்து, தை சி பழகிய இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டு குழுவிலும் உடம்பின் சமநிலையும் கைப்பிடியின் பலமும் தேறின. நாற்காலியில் உட்கார்ந்தும் சுழற்றலாம். தோளில் பழைய வலி இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, தோளுக்கு மேலே கை போகாத சுற்றுகளில் ஆரம்பியுங்கள். பொறுமை விஷயத்தில் உங்கள் வயதுக்காரர்களுக்கு என் பக்கம் தேவையே இல்லை. பேத்தியிடம்தான் கொஞ்சம் ஜாக்கிரதை, அவள் உங்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டு வாத்தியார் ஆகிவிடுவாள்.

கே: மாமியார் ‘பொம்பளைப் பிள்ளைக்கு இது என்ன வேலை’ என்கிறார். (திண்டுக்கல்)

ப: மாவோரிகளிடம் இது பெரும்பாலும் பெண்கள் ஆடும் ஆட்டம் என்று சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், மாடியில் வடகம் காயும்போது காக்காய் வராது என்று சொல்லிப் பாருங்கள்.

கே: வீவ் வந்துவிட்டது. எப்போது தீயில் சுழற்றலாம்? நண்பர்கள் பொங்கலுக்கு ஏற்பாடு செய்கிறார்கள். (ஓசூர்)

ப: பொங்கல் வருஷா வருஷம் வரும். இந்தப் பக்கத்தில் நான் சிரிக்காமல் எழுதும் பதில் இது ஒன்றுதான்.

வீவ் வந்துவிட்டது என்பதற்கு என் அளவுகோல் வேறு. பேசிக்கொண்டே வர வேண்டும். இருட்டில் வர வேண்டும். யாராவது திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் தளம் சாயாமல் வர வேண்டும். ஏதாவது தவறினால், யோசிக்காமல் பந்துகளை உடம்பிலிருந்து விலக்கி நிறுத்தத் தெரிய வேண்டும். தீப்பந்தம் எரியும்போது ஒரு சத்தம் போடும், எடை வேறு, சங்கிலி வேறு. பழகிய அசைவெல்லாம் முதல் நிமிடம் புதிதாகத் தோன்றும். அதற்கு முன்னால் தீ இல்லாமல் அதே சங்கிலி, அதே திரியோடு பல நாள் சுழற்றியிருக்க வேண்டும்.

முதல் தடவை ஏற்கெனவே தீயில் பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் கொளுத்தவே கூடாது. ஈரத் துண்டோடு ஓர் ஆள் உங்களை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. பருத்தி உடை, பாலியஸ்டர் உருகி ஒட்டும். முடியைக் கட்டி மூடுங்கள். பெட்ரோல் ஒருபோதும் கிடையாது. எரிபொருளில் நனைத்த திரியைக் கொளுத்துவதற்கு முன், தூரமாகப் போய், சொட்டு விழாதவரை உதறிவிடுங்கள். எரிபொருள் டப்பாவை மூடித் தள்ளி வையுங்கள். இத்தனைக்கும் நேரம் இல்லை என்று நண்பர்கள் சொன்னால், எல்.இ.டி. போய் சுழற்றுங்கள். வெளிச்சத்துக்கு வெளிச்சம், கைக்குக் கை.

கே: எவ்வளவு முயன்றும் வரமாட்டேங்குது. ஏதாவது வழி சொல்லுங்கள். (பல ஊர்கள், பல கடிதங்கள்)

ப: என்ன வரவில்லை என்று ஒருவரும் எழுதவில்லையே! அடுத்த இதழுக்கு எழுதுகிறவர்கள் இவ்வளவு சொல்லுங்கள். எந்த அசைவு, கயிறு எத்தனை செ.மீ., எந்தக் கை, எந்தப் பக்கம், எத்தனையாவது அடியில் சிக்குகிறது. இதை எழுதுவதற்காகவே ஒரு நாள் மாடியில் நின்று கவனித்துவிட்டு எழுதுங்கள். கேள்விகள் வந்து சேரக் கடைசி நாள் இந்த மாதம் 20.